தகடு வெட்டும் இயந்திரம்: எதை வாங்குவது?

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் கப்பலூர் தொழிற்பேட்டையைப் பலரும் கடந்து சென்றிருப்பீர்கள். நகரின் வடபுறம் புதூரிலும் ஒரு தொழிற்பேட்டை உண்டு. இவை தவிர மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி சாலையோரங்களில் தகரக் கூரையிட்ட சிறு பட்டறைகளையும் காணலாம். வீட்டுக் கேட், ஜன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர், கூரைச் சட்டம் முதலியன இத்தகைய பட்டறைகளில்தான் உருவாகின்றன. பலவற்றில் இன்றும் தகட்டின்மேல் சாக்கட்டியால் கோடு கிழித்து, கேஸ் கட்டரைக் கையில் பிடித்தே வெட்டுகிறார்கள்.

அத்தகைய பட்டறை ஒன்றை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் மூன்று விலைப்பட்டியல்களுடன் வந்தார். "சார், கம்ப்யூட்டரே வெட்டிவிடும் என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கம் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணிப்பொறியின் வேலை என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எந்த இயந்திரத்திலும் கணிப்பொறி இரும்பை வெட்டுவதில்லை. வெட்டும் முனையை எங்கே, எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்பதை மட்டுமே அது கவனிக்கிறது. எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டும் இம்முறையை, ஜான் பார்சன்ஸ் என்பவரின் கருத்தைத் தொடர்ந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 1952இல் செய்து காட்டினர். அப்போது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இப்போது சிறு நினைவகம் ஒன்றே போதும்.

புள்ளிக் கோலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். புள்ளிகளின் இடம் தெரிந்தால் எந்த வளைவையும் இழுத்துவிடலாம். கணிப்பொறியும் ஒரு வட்டத்தை மிக நெருங்கிய புள்ளிகளாகப் பிரித்து, நீளவாட்டில் ஒரு மோட்டாரையும் அகலவாட்டில் மற்றொரு மோட்டாரையும் தக்கபடி திருப்புகிறது. ஒரு தகட்டில் அதிகத் துண்டுகள் எடுக்கும்படி வடிவங்களை நெருக்கி அடுக்கவும் அது உதவும்.

ஆனால் வெட்டு வாய் நேராக இருக்குமா, கசடு ஒட்டுமா, எந்த உலோகம் வெட்டுப்படும் என்பவை முனையிலுள்ள வெப்ப மூலத்தைப் பொறுத்தவை. ஆகவே, கணிப்பொறித் திரையைப் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எரித்து வெட்டுதல்

கேஸ் கட்டரில் சுடர்தான் இரும்பை உருக்கி வெட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சுடர் தகட்டைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க மட்டுமே பயன்படுகிறது. அதன்பின் தூய ஆக்சிஜன் பீறிட்டு வரும்போது இரும்பே விறகாக எரிகிறது. இரும்பு ஏறத்தாழ 1,538 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடோ 1,370 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். எனவே எரிந்த ஆக்சைடு திரவமாகி வழிந்தோட, அடியிலுள்ள புதிய இரும்பு ஆக்சிஜனுக்கு முன் வருகிறது.

எவர்சில்வரை இம்முறையில் ஏன் வெட்ட முடிவதில்லை என்பதும் இதனால் விளங்கும். அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு உருக 2,300 டிகிரிக்கு மேல் வேண்டும். அது உருகாத மூடியாக மேலே படிந்து, ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. அலுமினியத்திலும் இதே நிலைதான். மெல்லிய தகடோ சூட்டில் வளைந்துவிடும். ஆனால் 50, 100 மில்லிமீட்டர் தடித்த சாதாரண எஃகுக்கு இன்றும் மலிவான முறை இதுவே.

மின்வில்லால் வெட்டுதல்

இரண்டாவது முறை பிளாஸ்மா. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் 1957இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முனைக்கும் தகட்டுக்கும் இடையே தோன்றும் மின்வில்லைச் சிறு துளை வழியே நெருக்கி, அதனூடே காற்றைச் செலுத்தினால், காற்றின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. இந்நிலையில் வெப்பம் 20,000 டிகிரியை எட்டுகிறது. சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். உலோகம் உருகுகிறது, காற்றின் வேகம் அதை ஊதித் தள்ளுகிறது. எரிதலை நம்பாததால், மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் வெட்டுப்படும்.

இங்கே கணிப்பொறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்வில்லின் நீளம் கூடினால் அதன் மின்னழுத்தமும் கூடும். அதை அளந்தே, தகடு மேடுபள்ளமாக இருந்தாலும் முனையின் உயரம் மாறாதபடி இயந்திரம் பார்த்துக் கொள்கிறது.

குறையும் உண்டு. வெட்டு வாய் சற்றுச் சாய்வாக அமையும். தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளைகள் வட்டமாக வருவதில்லை. மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவாக இருக்கும். போல்ட் துளைகளைத் துரப்பணத்தில் போடுவதே நல்லது. காற்றில் ஈரம் இருந்தால் முனையின் பாகங்கள் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே காற்றை உலர்த்தும் கருவிக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

ஒளியால் வெட்டுதல்

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடியிருப்பீர்கள். லேசர் வெட்டும் அதைப் போன்றதே. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோவாட். 3 கிலோவாட் லேசர் என்றால், மொட்டை மாடியில் 3 சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றலை ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவிப்பதாகும். அங்கே இரும்பு கணத்தில் உருகிவிடும்.

கரியமில வாயு லேசரை 1964இல் கண்டறிந்தவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் படேல். 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராப்ட், லேசருடன் ஆக்சிஜனையும் செலுத்தி 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். அந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். இன்று பரவிவரும் இழை லேசரில், யிட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழைக்குள் ஒளி உருவாகிறது. அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். இதை உலோகங்கள் கூடுதலாக உறிஞ்சுகின்றன.

வெட்டின் அகலத்தையும் ஒப்பிடுவோம். 10 மில்லிமீட்டர் தகட்டில் பிளாஸ்மா 2 மில்லிமீட்டர் அகலம் தின்றால், ஒரு மீட்டர் வெட்டில் 157 கிராம் எஃகு வீணாகும். லேசர் வெட்டின் அகலம் 0.3 மில்லிமீட்டர் என்றால், சுமார் 24 கிராம்தான். மெல்லிய தகட்டில் பூ வேலைப்பாடு, சிறு துளைகள், எவர்சில்வர் கிரில் ஆகியவற்றுக்கு லேசருக்கு நிகரில்லை. எவர்சில்வருக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜனைச் செலுத்தினால் வெட்டு வாய் கறுக்காமல் பளபளவென்று இருக்கும்.

ஆனால் இவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. விழித்திரை வரை சென்று சுட்டுவிடும். மூடிய கூண்டுள்ள இயந்திரமே பாதுகாப்பானது. கூண்டில்லாமல் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மேலும் லேசரைக் குளிர்ந்த நீரால் ஆற்ற வேண்டும். மழைக்காலத்தில் குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் முத்துகள் அரும்புவதைப் போல, நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் வில்லைகளிலும் ஈரம் படியும், அவை பாழாகும்.

மணல் கலந்த நீரைப் பீய்ச்சி வெட்டும் முறையும் உண்டு. வெப்பமே இல்லாததால் கருங்கல்லையும் வெட்டலாம். கேட், கிரில் பட்டறைக்கு அதன் செலவு கட்டுப்படியாகாது.

நம் வேலை எது?

திருச்சியில் பெல் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பட்டறைகள் கொதிகலன்களுக்கான தடித்த தகடுகளைக் கையாள்பவை. அங்கே பொருந்தும் இயந்திரம் மதுரையில் கேட் செய்பவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. எனவே விலைப்பட்டியலை மூடிவிட்டு உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள். கடந்த மூன்று மாதங்களில் எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். எப்போதோ வரும் தடித்த தகட்டுக்காக இயந்திரத்தைத் தேடாதீர்கள். நாள்தோறும் வருவதற்காகத் தேடுங்கள். விற்பவர் சொல்லும் உச்சத் தடிமன் ஒரு முறை வெட்டிக் காட்டக்கூடியது. நாள் முழுதும் வெட்டக்கூடியது அதைவிடக் குறைவு.

அடுத்தது நேரம். மாதத் தவணை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், நாளுக்கு 6 மணி வெட்டினால், தவணை மட்டும் மணிக்கு 400 ரூபாய். நாளுக்கு ஒன்றரை மணி வேலைதான் இருக்கிறதென்றால் அதுவே 1,600 ரூபாயாகிவிடும். மின்சாரம், வாயு, தேயும் பாகங்கள், கூலி எல்லாம் இதற்கு மேல். வேலை குறைவாக இருந்தால், இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து வெட்டி வாங்குவதே மேல்.

சோதித்து வாங்குங்கள்

நீங்கள் வழக்கமாக வாங்கும் தகட்டையே எடுத்துச் சென்று, 200 மில்லிமீட்டர் சதுரமும் அதன் நடுவே ஒரு வட்டத் துளையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையெனில் இயந்திரத்தின் சட்டம் கோணலாக உள்ளது. துளையின் விட்டத்தைப் பள்ளி ஆய்வகத்தில் பழகிய வெர்னியர் காலிப்பரால் மேலும் கீழும் அளங்கள். வெட்டின் சாய்வு தெரிந்துவிடும். குறுக்கிலும் நெடுக்கிலும் விட்டம் வேறுபட்டால் பற்சக்கரங்களில் தளர்ச்சி உண்டென்று பொருள். பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் மாணவர் கணக்கெடுத்துப் பார்த்தார். அவர் வெட்டியதில் பெரும்பகுதி டிரெய்லருக்கும் கூரைத் தூண்களின் அடித்தகட்டுக்கும் உரிய 6 முதல் 12 மில்லிமீட்டர் எஃகு. எவர்சில்வர் வேலை மாதத்தில் சில நாள்களே. ஆகவே அவர் பிளாஸ்மா இயந்திரத்தை வாங்கினார். எவர்சில்வர் வேலையை லேசர் உள்ளவரிடம் அனுப்புகிறார். மூன்றில் விலை கூடியதை அவர் வாங்கியிருந்தால், வீட்டுப் பத்திரம் திரும்ப நெடுநாள் ஆகியிருக்கும்.

பல ஆண்டுகள் கையால் கேஸ் கட்டர் பிடித்த மூத்த தொழிலாளிதான் இப்போது அந்த இயந்திரத்தை ஓட்டுகிறார். வெட்டின் அடியில் தீப்பொறி பின்னோக்கிச் சாய்ந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்பதைத் திரையைப் பார்க்காமலே அவர் அறிவார். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் எது என்பதை மட்டுமே அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.