ஒட்டிக் கடையும் கிண்ணம்: 24 ஓரங்களும் ஒரு அடிப்பலகையும்

மரக் கிண்ணம் என்றால் ஒரு முழுக் கட்டையை லேத்தில் மாட்டி, உளியால் உள்ளேயும் வெளியேயும் கடைந்து எடுப்பது என்றுதான் பலரும் நினைப்போம். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் அப்படி வருவதுதான். இன்னொரு வழியும் இருக்கிறது. பீப்பாய் மாதிரி, நீளவாக்கில் அறுத்த மரச்சட்டங்களை வட்டமாக நிறுத்தி, ஓரத்தோடு ஓரம் ஒட்டி வளையமாக்கி, அந்த வளையத்தை லேத்தில் மாட்டிக் கடைவது. கியூபாவின் கோங்கா மேளமும் இப்படிச் சட்டங்களை ஒட்டிச் செய்வதுதான். நம்ம மிருதங்கம் நேர் எதிர்: ஒரே பலாக்கட்டையைக் குடைந்தது.

எதுக்கு இந்தச் சுற்றுவழி? 24 செ.மீ. அகலக் கிண்ணத்தை ஒரே கட்டையில் கடைய வேண்டுமானால் அதைவிடப் பெரிய கட்டை வேண்டும். அது உள்வரைக்கும் காய மாதக்கணக்கில் ஆகும். காயும்போதே வெடிக்கவும் செய்யும். கடைசியில் பாதிக்கு மேல் மரம் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். சட்ட முறைக்கு 2 செ.மீ. கனத்தில் காய்ந்த பலகை போதும். பழைய கதவிலிருந்து எடுத்த தேக்குகூட ஆகும், ஆணி இல்லாமல் பார்த்துக்கொண்டால்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. முழுக்கட்டையில் மரம் தானாகவே ஒன்றாக இருக்கிறது. இங்கே அதை ஒன்றாக வைத்திருப்பது நம்ம கணக்கு. அந்தக் கணக்கு தப்பினால் கிண்ணம் ரெண்டு இடத்தில் விட்டுக்கொடுக்கும்: ஒட்டிய ஓரங்களில், அல்லது அடிப்பலகையில்.

கோணம்

வட்டம் 360 பாகை. 12 சட்டம் என்றால் ஒவ்வொன்றின் பங்கு 30. அதை ரெண்டு ஓரத்துக்கும் பிரித்தால் ஓரத்துக்கு 15 பாகைச் சரிவு. அவ்ளோதான். ஆனால் 12 சட்டத்துக்கு 24 ஓரம். ரம்பத்தின் சாய்வு அரைப் பாகை தப்பினால் அந்தப் பிழை 24 மடங்காகி 12 பாகை ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத பிழை, கடைசி இணைப்பில் விரல் நுனி போகும் இடைவெளியாக வந்து நிற்கும்.

அதனால் பாகைமானியை மட்டும் நம்பாமல், மலிவான மரத்தில் ஒரு சோதனை வளையம் அறுத்துப் பார்ப்பது நல்லது. பசை போடாமல் சுற்றிக் கட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் இடைவெளி தெரிந்தால் சரிவு போதவில்லை. உள்பக்கம் தெரிந்தால் சரிவு அதிகம்.

இவ்வளவு பார்த்தும் மிச்சப் பிழை கொஞ்சம் இருக்கும். அதற்கு ஒரு எளிய தந்திரம்: 6 சட்டத்தை ஒரு பாதியாக, 6 சட்டத்தை இன்னொரு பாதியாகத் தனித்தனியே ஒட்ட வேண்டும். சமமான பலகையில் உப்புத்தாளை விரித்து, ஒவ்வொரு பாதியின் ரெண்டு முனைகளையும் ஒரே தளத்தில் படியும்வரை தேய்த்துவிட்டு, பிறகு பாதிகளைச் சேர்க்கலாம். சேர்ந்துவிட்ட பிழை முழுக்க அந்த ஒரு தேய்ப்பில் போய்விடும்.

இது நேர்ச்சுவர்க் கிண்ணத்துக்கு. வாய் விரிந்த கிண்ணம் என்றால் சட்டமே கீழே குறுகி மேலே அகலமாக இருக்க வேண்டும். ஓரச் சரிவும் மாறும். சுவர் செங்குத்திலிருந்து 20 பாகை வெளியே சாய்ந்தால், 12 சட்டத்துக்கு ஓரச் சரிவு 15-லிருந்து 14.1 பாகையாக இறங்கும். சட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் 5.2 பாகை குறுக வேண்டும். கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: கிண்ணத்தை முழுசாகத் தட்டையாக விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓரச் சரிவு பூஜ்யம், குறுகல் 15 பாகை, அதாவது வெட்டிய பீட்சா துண்டு. நேர்ச்சுவருக்கும் பீட்சாவுக்கும் நடுவில்தான் எல்லாக் கிண்ணமும்.

எத்தனை சட்டம்?

குறைவாக வைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒட்டியதும் கிடைப்பது வட்டம் இல்லை, பலகோணம். வெளி மூலைகளைச் சீவி, உள் மூலைகளையும் சீவி வட்டமாக்க வேண்டும். 24 செ.மீ. குறுக்களவு, 20 மி.மீ. பலகை என்று வைத்துக்கொண்டால், 6 சட்டத்தில் மிஞ்சும் சுவர் வெறும் 4.5 மி.மீ. 8 சட்டத்தில் சுமார் 12 மி.மீ. 12 சட்டத்தில் 16 மி.மீ.க்கு மேல். சுவருக்கு வளைவு கொடுப்பதும் இந்த மிச்சக் கனத்துக்குள்தான். ஆகவே முதல் கிண்ணத்துக்கு 12 நல்ல எண்.

பசை

ஓரங்கள் நார் ஓடும் திசையில் சேர்வதால் ஃபெவிகால் மாதிரியான மரப்பசையே நன்றாகப் பிடிக்கும். ஓரம் இடைவெளியில்லாமல் படிந்தால் இணைப்பு மரத்தைவிட உறுதியாக நிற்கும். பசையால் இடைவெளியை நிரப்பலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் அறுத்த கையோடு ஒட்டுவது நல்லது. சுற்றி இறுக்க விலையுயர்ந்த கிளாம்ப் வேண்டாம், பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தம் கிடைக்கும்.

அடிப்பலகை

கிண்ணம் செய்து பல மாதம் கழித்து வெடிப்பது இங்கேதான். மரம் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாரின் குறுக்கே மட்டும். நார் ஓடும் நீளத்தில் அது அசைவதே இல்லை எனலாம். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது தேக்கு வளர்வளையம் ஓடும் திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும், ஆரத்திசையில் 2.5.

சட்ட வளையத்தில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. எனவே அது காயும்போது சுற்றளவு முழுக்கக் குறையும். வட்டம் வட்டமாகவே சின்னதாகும். அடிப்பலகையோ ஒரு திசையில் மட்டும் சுருங்கும். நார் ஓடும் திசையில் விறைப்பாக நிற்கும். சுருங்க நினைக்கும் வளையத்தை அது உள்ளிருந்து தள்ளும். 15 செ.மீ. அடிப்பலகை என்றால், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி இறங்கும்போது இந்த இழுபறி 1 மி.மீ.யைத் தாண்டலாம். சென்னைக் காற்றில் ஒட்டி, ஏசி அறையில் கொண்டுபோய் வைத்தால் இது நடக்கும். பசை எவ்வளவு நல்லதானாலும் எங்காவது ஒரு இணைப்பு வாய் திறக்கும்.

பீப்பாய்க்காரர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்: மூடிப்பலகையை ஒட்டுவதில்லை, சட்டங்களின் உட்பக்கம் வெட்டிய காடியில் சும்மா உட்கார வைப்பார்கள். நாமும் அடிப்பலகையைச் சுற்றி 1 மி.மீ.க்குக் கூடுதலாக இடம் விட்டுக் காடியில் மிதக்கவிடலாம். தண்ணீர் நிற்காது, பழத்துக்கும் முறுக்குக்கும் போதும். ஒட்டியே ஆகணும் என்றால் சுவரின் சாய்வைக் கூட்டி அடியைச் சின்னதாக்குங்கள். 5 செ.மீ. அடியில் அதே இழுபறி மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

லேத்தில்

நார் நின்றவாக்கில் இருப்பதால் உளி போகும் திசையும் வழக்கமான கிண்ணத்துக்கு எதிர். வெளிப்பக்கம் அகலமான வாயிலிருந்து குறுகிய அடியை நோக்கி, உள்பக்கம் அடியிலிருந்து வாயை நோக்கி. மாற்றிச் செய்தால் நார் பிய்ந்து வரும்.

24 செ.மீ. வளையம் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகிறது. சரியாக ஒட்டாத ஒரு சட்டம் அந்த வேகத்தில் கழன்றால் நேராக வருவது முகத்துக்குத்தான். பசை ஒரு நாள் முழுக்க இறுகட்டும். மாட்டும்முன் ஒவ்வொரு இணைப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; ஒளி கசிந்தால் அந்த வளையம் லேத்துக்கு ஏறக்கூடாது. பலகோணம் வட்டமாகும்வரை மெதுவான வேகம், முழு முகத்துக்கும் கவசம், ஆன் செய்யும்போது வளையத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்பது. இந்த மூன்றையும் விடாதீர்கள்.