இளைஞர்பால் நாம் வைக்கும் நம்பிக்கை

இக்காலத்து இளைஞர்க்குப் பொறுப்பில்லை, கடல் கடந்து போவதொன்றே அவர்தம் நோக்கம் என்னும் குறை யாழ்ப்பாணத்தில் எங்குங் கேட்கப்படுகின்றது. பழைய மாணவராகிய நாமும் அக்குறையைக் கூறுவோருட் சேர்ந்துள்ளோம். ஆயின், தீர்ப்புச் சொல்லுமுன் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் தகும்.

1924ஆம் ஆண்டில் மாணவரும் இளம் ஆசிரியரும் கூடி மாணவர் காங்கிரஸை நிறுவினர். வாலிபர் காங்கிரஸ் எனப் பின்னர்ப் பெயர்பெற்றது இதுவே. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் 1899இற் பிறந்தவர். அந்நாளில் இருபத்தைந்து வயதினர். சாதி வேறுபாடின்றி ஒருங்கிருத்தலும் ஒருங்குண்ணலும் பெரியோர் பலர்க்குப் பொறுக்கவொண்ணாதனவாயிருந்த அக்காலத்தில், அவ்விளைஞர் அவற்றை வற்புறுத்தி நின்றனர். 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவர்தம் அழைப்பினாலேயாம். டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயாட்சி தரவில்லையென 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கோரினர். வடபகுதியில் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுக் கொடுத்திலர். அப்பகிஷ்காரத்தால் நன்மை விளைந்ததோ என்பதிற் கருத்து வேறுபாடுண்டு. பொதுநலங் கருதித் துணிந்தனர் என்பதில் வேறுபாடில்லை.

அத்துணிவு இன்று எங்கேயெனின், ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. நாம் அதனை எண்ணி வருந்தினோம். 2005ஆம் ஆண்டிலோ, இளைஞர் சிலர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் பிரதிசெய்து, எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். போர் மீண்டும் மூண்ட ஆண்டுகளிலும் அப்பணி நின்றதில்லை. கடல் கடந்து சென்றோரும் அதில் தோள்கொடுத்தனர். அழிந்தவை யாவும் மீண்டனவல்ல. எனினும், எஞ்சியவை இனி ஒரு தீயில் மாயா.

இனி நம் கடமை யாது? பூட்டிய வீடுகளின் பெட்டகங்களிற் பழைய சஞ்சிகைகளும் கடிதங்களும் ஏடுகளும் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைத் தேடி வரும் இளைஞரிடம் மனமுவந்து கொடுத்தல் வேண்டும். நம் சங்கங்களிலும் ஆலய சபைகளிலும் அவர்க்கு இடமளித்தல் வேண்டும். பொறுப்பைக் கொடாதிருந்துகொண்டே பொறுப்பில்லையெனப் பழித்தல் முறையன்று. அவர் தவறுதலுங் கூடும்; நம் முன்னோருந் தவறினர், நாமுந் தவறினோம்.

இம்மலரையும் ஒருநாள் யாரோ ஓர் இளைஞன் தூசி தட்டியெடுத்துப் பிரதிசெய்து வைப்பான். அவனை நம்பியே இதனை எழுதுகின்றோம்.