தண்ணீரில் சிக்கனம்: டிரையத்லான் பழகுவோருக்கு நீச்சல் வேகம்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையறாது அடுத்தடுத்து முடிக்கும் போட்டியே டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். புதியவர்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்பிரின்ட் வகையில் மூன்றும் இதில் சரிபாதி. கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019ஆம் ஆண்டு ‘அயர்ன்மேன் 70.3’ போட்டி தொடங்கப்பட்டபின், அலுவலகப் பணியோடு இப்பயிற்சியையும் மேற்கொள்ளும் இந்தியர்கள் பலருக்கு அதுவே ஆண்டு இலக்காகிவிட்டது. அங்கே 1.9 கி.மீ. கடலில் நீந்தி, 90 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, 21.1 கி.மீ. ஓட வேண்டும்.

இவர்களில் பெரும்பாலோர் ஓட்டத்திலிருந்தோ மிதிவண்டியிலிருந்தோ வந்தவர்கள். மாரத்தான் ஓடி முடித்த ஒருவர் நீச்சல்குளத்தில் இரண்டு சுற்று முடிப்பதற்குள் மூச்சிரைத்துச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பது, எந்தக் குளத்திலும் காலை ஆறு மணிக்குக் காணக்கூடிய காட்சி. அவருடைய இதயத்திலும் நுரையீரலிலும் குறையில்லை. தரையில் கற்ற பாடத்தைத் தண்ணீரில் பயன்படுத்துவதுதான் குறை. தரையில் கூடுதலாக உழைத்தால் கூடுதல் வேகம் கிடைக்கும். தண்ணீர் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. அதில் நகரும் உடலைத் தடுக்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அவ்விசையை வெல்லச் செலவிடும் ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. எனவே அதே நீச்சல் முறையில் வேகத்தை 10 விழுக்காடு கூட்ட விரும்பினால், ஆற்றலை 33 விழுக்காடு கூட்ட வேண்டும். புதியவர் ஒருவரால் அத்தனை ஆற்றலைத் திடீரென்று எங்கிருந்தும் கொண்டுவர இயலாது. தடையைக் குறைப்பது ஒன்றே அவருக்குத் திறந்திருக்கும் வழி. வருமானத்தை உயர்த்த முடியாத மாதத்தில் செலவைக் குறைப்பதுபோல என்று இவ்விதழின் வாசகர்களுக்குச் சொன்னால் எளிதில் விளங்கும்.

தடை எங்கே பிறக்கிறது

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் மார்புப்பகுதி மிதக்கிறது. தசையும் எலும்பும் மிகுந்த கால்கள் அமிழ்கின்றன. ஓட்டக்காரர்களின் திரண்ட தொடைகள் இன்னும் விரைவாக அமிழும். கால்கள் அரை அடி தாழ்ந்தாலே, உடல் தண்ணீரைக் கிழித்துச் செல்லும் கத்தியாக இல்லாமல், தண்ணீரைத் தள்ளிச் செல்லும் பலகையாகிவிடுகிறது. இதற்குத் தலையே பெரும்பாலும் காரணம். முன்னே பார்க்கும் ஆவலில் தலை உயர்ந்தால் இடுப்பு தாழும். கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தக் கற்ற நம் ஊர்க்காரர்கள் பலர் தலையை நீருக்குமேல் வைத்தே பழகியவர்கள். தண்ணீரிடம் அவர்களுக்கு அச்சம் கிடையாது, அது பெருஞ்செல்வம். ஆனால் நெடுந்தூர நீச்சலுக்கு அந்தத் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். முகம் குளத்தின் அடித்தளத்தை நோக்க, பின்னங்கழுத்து தளர்ந்திருக்க, மார்பைச் சற்றே நீருக்குள் அழுத்தினால் இடுப்பு தானே மேலெழும்.

தலை உயர்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு: மூச்சு. புதியவர்கள் முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். முகம் வெளியே வரும் அரை நொடிக்குள் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றையும் இழுக்க முயல்கிறார்கள். அது நடவாது. உடலில் கரியமில வாயு சேரச்சேர மூச்சுத் திணறும் உணர்வு பெருகுகிறது. அவ்வுணர்வு அச்சமாக மாறுகிறது. அச்சத்தில் தலை மேலும் உயர்கிறது. ‘எனக்குத் தம் போதவில்லை’ என்று இவர்கள் கூறுவது உண்மையன்று. உள்ளிழுப்பதில் அன்று, வெளிவிடுவதில்தான் பிழை. முகம் நீருக்குள் சென்ற கணமே மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழிகளாக மூச்சை விடத் தொடங்கவேண்டும். பின்பு தலையைத் தூக்காமல், உடலின் உருட்டலோடு பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண்ணாடி நீருக்குள்ளும் மற்றது வெளியிலுமாக இருக்கும் நிலையில் காற்றை இழுக்கவேண்டும். இடம், வலம் இருபுறமும் மூச்செடுக்கப் பழகிவிட்டால், அலை ஒரு பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கும் நாளில் மறுபக்கம் கைகொடுக்கும். ஒரு வாரம் முழுவதையும் இந்த ஒன்றுக்கே செலவிட்டாலும் தகும் என்பது என் கருத்து.

கால் உதைப்பைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. தொடைத் தசைகள் பிராணவாயுவை மிகுதியாக உண்பவை; அவை தரும் உந்துதலோ குறைவு. தண்ணீரைவிட்டு எழுந்தபின் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டிய அதே கால்களை நீரிலேயே களைக்க வைப்பது அறிவுடைமையாகாது. உடலைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு, முழங்காலிலிருந்து அன்றி இடுப்பிலிருந்து, சிறிதாக உதைத்தால் போதும். ஓட்டக்காரர்களின் கணுக்கால்கள் இறுகியவை. பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கிபோல் மடங்கி நின்றால் உதைப்பே தடையாகும். கிக்போர்டைப் பிடித்துக்கொண்டு உதைக்க உதைக்க, நின்ற இடத்திலேயே நிற்கும் ஓட்ட வீரர்களும் உண்டு. கணுக்காலை நீட்டித் தளர்த்தும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம்.

உந்துதலின் பெரும்பகுதி கைகளிலிருந்தே வருகிறது. விரல்கள் தோளுக்கு நேர்முன்னே நீரில் நுழையவேண்டும். தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் நுழைந்தால் உடல் பாம்புபோல் நெளியும். நுழைந்த கையை நேராகக் கீழே அழுத்துவது அடுத்த பிழை. கீழே அழுத்தினால் உடல் மேலெழுமேயன்றி முன்னே செல்லாது. முழங்கையை உயரத்தில் நிறுத்தி, முன்கையை மடக்கி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு துடுப்பாகத் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். முட்டியை மூடிக்கொண்டு 25 மீட்டர் நீந்திப் பாருங்கள். உள்ளங்கை இல்லாததால் முன்கை தானே வேலை செய்யத் தொடங்கும். பிறகு விரல்களை விரித்ததும், கைக்குள் தண்ணீர் அடர்ந்து நிற்பதை உணர்வீர்கள்.

கணக்குப் புத்தகம்

எத்தனை சுற்று நீந்தினோம் என்று மட்டும் எண்ணுபவர்களுக்கு வேகம் வளர்வதில்லை. நூறு மீட்டருக்கு எத்தனை நொடி என்பதே நீச்சலின் அளவுகோல். அதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு, பயிற்சியாளர்கள் சி.எஸ்.எஸ். என்று அழைப்பது. நன்றாக உடலைச் சூடாக்கியபின் 400 மீட்டரை இயன்ற வேகத்தில் நீந்தி நேரத்தைக் குறிக்கவேண்டும். போதிய ஓய்வுக்குப்பின் 200 மீட்டரையும் அவ்வாறே நீந்தவேண்டும். ஒருவர் 400 மீட்டரை 10 நிமிடத்திலும், 200 மீட்டரை 4 நிமிடம் 40 நொடியிலும் முடித்தார் எனக் கொள்வோம். வேறுபாடு 320 நொடி. அது 200 மீட்டருக்கானது. ஆகவே நூறு மீட்டருக்கு 160 நொடி, அதாவது 2 நிமிடம் 40 நொடி. நெடுநேரம் தாங்கக்கூடிய அவருடைய வேகம் ஏறத்தாழ இதுவே. இந்த வேகத்தில் ஸ்பிரின்ட் போட்டியின் 750 மீட்டருக்கு 20 நிமிடமும், கோவாவின் 1.9 கி.மீ.க்கு 50 நிமிடம் 40 நொடியும் ஆகும். 70.3 போட்டிகளில் நீச்சலுக்குப் பொதுவாக வழங்கப்படும் அவகாசம் 1 மணி 10 நிமிடம். நூறு மீட்டருக்கு 3 நிமிடம் 41 நொடி வரை அது இடம் தரும். எனவே இவர் அஞ்சவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்கள் பலவும் 25 மீட்டருக்குக் குறைவானவை. குளம் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சுவரை உதைத்துப் பெறும் உந்துதல் நேரத்தை அழகாகக் காட்டும். கடலில் சுவர் கிடையாது. குளத்தின் நீளத்தை விசாரித்து அறிந்தபின் கணக்கிடுவது நல்லது.

அந்த எண் கைக்கு வந்தபின் பயிற்சி தெளிவாகிவிடும். ஒரே மூச்சாக ஒரு கிலோமீட்டர் நீந்துவதைவிட, அதைப் பத்து நூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 2:40 என்ற அந்த வேகத்தில் நீந்தி, இடையில் 15 முதல் 20 நொடி ஓய்வெடுப்பது பயனுள்ளது. நெடுந்தூரம் இடைவிடாது நீந்தும் புதியவர், கடைசிப் பாதியில் களைத்துத் தவறான அசைவுகளையே உடலுக்கு மனப்பாடம் செய்விக்கிறார். ஆறாவது நூறிலேயே நேரம் சரியத் தொடங்கினால் அன்று ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம். தொடக்கத்தில் 200 மீட்டர் மென்மையாக நீந்தி, நான்கு ஐம்பதுகளைக் கைப் பயிற்சிக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் ஒதுக்கினால், 45 நிமிடத்தில் ஒரு நல்ல வகுப்பு முடிந்துவிடும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேரம் நீந்துவது மேல். தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நொடிகளோடு கைவீச்சுகளையும் எண்ணுவது நன்று. 25 மீட்டரை 40 நொடியில் 28 வீச்சுகளில் முடித்தால் கூட்டுத்தொகை 68. அடுத்த மாதம் அதே 40 நொடி 25 வீச்சுகளில் வந்தால், கடிகாரம் மாறாவிட்டாலும் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். சி.எஸ்.எஸ். சோதனையை ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் போதும். வாரந்தோறும் செய்வது மனச்சோர்வையே தரும். பல இலட்ச ரூபாய் மிதிவண்டிக்குத் தயங்காத சிலர் நீச்சல் பயிற்சியாளரின் கட்டணத்துக்குத் தயங்குவது வியப்பளிக்கிறது. தன் தலை உயர்வதைத் தானே காண யாராலும் இயலாது. குறைந்தபட்சம் நண்பர் ஒருவரைக் கொண்டு பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு முயன்றும் நூறு மீட்டருக்கு 10 நொடி குறைந்தால், 1.9 கி.மீ.யில் மிச்சமாவது 3 நிமிடம் 10 நொடிதான். மிதிவண்டியில் வேகத்தை மணிக்கு 25 கி.மீ.யிலிருந்து 26 ஆக்கினால் 90 கி.மீ.யில் 8 நிமிடத்துக்குமேல் மிஞ்சும். நேரத்தை மட்டும் நோக்கினால் நீச்சல் இலாபமற்ற முதலீடாகவே தோன்றும். ஆனால் முன்பு மூச்சுமுட்ட எட்டிய வேகத்தை இப்போது இயல்பாக எட்டுகிறவர் களைப்பின்றிக் கரையேறுகிறார். அடுத்த ஆறு, ஏழு மணி நேரத்துக்கான தெம்பு அவரிடம் இருக்கிறது. அதைவிட முக்கியமான மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டவர்களையும் திரட்டிய ஆய்வு ஒன்று 135 நிகழ்வுகளைக் கணக்கிட்டது. அவற்றில் 90 நிகழ்வுகள் நீச்சலின்போது நேர்ந்தவை. நாற்பதைக் கடந்தவர்கள் பயிற்சியைத் தொடங்குமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்வதும், எவராயினும் கடலில் தனியே பழகாதிருப்பதும் இன்றியமையாதவை.

குளத்திலிருந்து கடலுக்கு

கடல்நீர் நன்னீரைவிட இரண்டு, மூன்று விழுக்காடு அடர்ந்தது. அதனால் உடல் சற்று எளிதாக மிதக்கும். குளிர்நாடுகளில் வீரர்கள் அணியும் ரப்பர் உடை கால்களையும் மிதக்க வைக்கிறது. ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது, 24.5 பாகைக்கு மேற்பட்ட நீரில் அவ்வுடைக்குப் போட்டி விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே நம் நாட்டுப் போட்டியில் உடல்நிலையைச் சீராக வைத்துக்கொள்வதற்கு நீச்சல் முறையைத் தவிர வேறு துணையில்லை.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டும். கடலில் அது இல்லை. பத்து விழுக்காடு கோணலாக நீந்தினால் 190 மீட்டர் கூடுதலாகும். நம் எடுத்துக்காட்டு வீரருக்கு அது ஐந்து நிமிட இழப்பு. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த மூன்று நிமிடத்தைவிட அது பெரிது. ஆறு முதல் பத்து வீச்சுக்கு ஒருமுறை, முதலையைப்போல் கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்குமேல் வரும்படி முன்னே பார்த்து, மிதவை எங்கே என்று அறிந்து, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுத்துத் தொடரவேண்டும். மிதவை அலையில் மறைந்துபோகும். அதற்குப் பின்னால் கரையில் உயர்ந்து நிற்கும் கட்டடம் ஒன்றையோ மரத்தையோ முன்கூட்டியே குறித்துக்கொள்வது உதவும். இப்பயிற்சியைக் குளத்திலேயே தொடங்கலாம்.

மிதிவண்டிப் பகுதியில் பிறர் பின்னால் ஒட்டிச் செல்வதை இத்தகைய போட்டிகள் தடை செய்கின்றன. நீச்சலில் அதற்குத் தடையில்லை. உங்களைவிடச் சற்றே வேகமானவரின் பாதங்களுக்குப் பின்னால், அவர் எழுப்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நீந்தினால், அதே வேகம் குறைந்த உழைப்பில் கிட்டும். அவர் வழிதவறினால் நீங்களும் தவறுவீர்கள் என்பதால், நிமிர்ந்து பார்ப்பதை அப்போதும் கைவிடலாகாது.

முதல் 200 மீட்டரைக் கூட்டத்தின் ஓரத்தில், வேண்டுமென்றே மெதுவாக நீந்துவது புதியவருக்கு நல்லது. நெஞ்சு படபடத்தால் மல்லாந்து மிதந்து, சில மூச்சுகள் நீளமாக விட்டுத் தொடரலாம். பாதுகாப்புப் படகின் பலகையைப் பற்றி இளைப்பாறுவதும் பொதுவாக விதிமீறல் அன்று. அதைப் பற்றிக்கொண்டு முன்னேறுவதே விதிமீறல். கரை நெருங்கும்போது கடைசி நூறு மீட்டரில் கால் உதைப்பைச் சிறிது கூட்டினால், அதுவரை கைகளில் மிகுந்திருந்த இரத்தவோட்டம் கால்களுக்குத் திரும்பும். விரல்கள் மணலைத் தொடும்வரை நீந்தி, அதன்பின் எழுந்து நிற்கவேண்டும். இடுப்பளவு நீரில் முன்னதாகவே எழுந்து நடப்பவர்களை, அருகில் நீந்துபவர்கள் எளிதாகத் தாண்டிச் செல்வார்கள்.