பனிக்கட்டியும் நிறமாலையும்

வெப்ப நாட்டினராகிய நமக்குப் பனிக்கட்டி என்பது மீன் வாடியிலும் குளிர்பானக் கடையிலும் காணும் பொருள். கையிலெடுத்தாற் சிறிது நேரத்தில் ஒழுகி மறைவது. அந்தாட்டிக்காவிலோ அது சில இடங்களில் மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடன் நிலத்தை மூடிக் கிடக்கின்றது. சந்திரனின் துருவக் குழிகளிலும், சனியின் வளையங்களிலும், விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசிகளின் மேலும் அஃது உண்டு. தொட முடியாத இடத்திலுள்ள ஒன்றைப் பனிக்கட்டியேயென்று துணிவது எங்ஙனம்? தொடக்கூடிய பனிக்கட்டியாயினும், அதனை உருக்கிக் கெடுத்துவிடாது உள்ளிருப்பதை அறிவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் நிறமாலையியல் விடை கூறுகின்றது.

ஞாயிற்றின் ஒளி அரியத்தினூடாகச் சென்று ஏழு நிறமாக விரிவதை ஆய்வுகூடத்திற் கண்ட மாணவர், அவ்விரிவு சிவப்பு நிறத்தோடு முடிந்துவிடுவதன்று என்பதையும் அறிவர். அதற்கப்பால் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்கள் உள. பனிக்கட்டியின் இரகசியங்களுட் பெரும்பாலானவை இப்பகுதியிலேயே வெளிப்படுகின்றன. காரணம் எளிது. நீர் மூலக்கூற்றில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள. அவற்றை இணைக்கும் பிணைப்புகள் விற்சுருள்களைப்போல நீண்டும் சுருங்கியும் இடையறாது அதிர்கின்றன. அவ்வதிர்வின் மீடிறனோடு ஒத்த மீடிறனுடைய கதிர் வந்து படின், மூலக்கூறு அதனை உறிஞ்சிக்கொள்ளும். மீண்டுவரும் ஒளியில் அவ்விடம் மாத்திரம் இருண்டு தோன்றும்.

இனிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நீராவியில் இவ்வுறிஞ்சல் ஏறத்தாழ 2.7 மைக்கிரோன் அலைநீளத்தில் நிகழ்கின்றது. மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. திரவ நீரில் அது 2.9 அளவிற்கும், பனிக்கட்டியில் 3.1 அளவிற்கும் நகர்கின்றது. மூன்றும் ஒரே மூலக்கூறாயிருக்க, இவ்வேறுபாடு யாதினால்? பனிக்கட்டியில் ஒவ்வோர் ஒட்சிசனும் நான்முகியொன்றின் நடுவிலிருப்பதுபோல, வேறு நான்கு ஒட்சிசன்களாற் சூழப்பட்டுள்ளது. அவற்றிடையேயுள்ள தூரம் ஒரு மீற்றரின் ஆயிரங்கோடியில் 2.76 பங்கு. ஒவ்வோர் ஐதரசனும் தன் சொந்த ஒட்சிசனோடு பிணைந்திருக்கும்போதே அயல் ஒட்சிசனாலும் இழுக்கப்படுகின்றது. இருபுறமும் இழுபடும் அவ்வணுவின் பிணைப்புத் தளர்கின்றது, அதிர்வு மெதுவாகின்றது, அலைநீளம் கூடுகின்றது. எனவே, கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கொண்டு ஐதரசன் பிணைப்பின் வலிமையை அளக்கலாம். ஆயினும், அணுக்கள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பதை நிறமாலை தானே காட்டிவிடாது; அதனை எக்ஸ் கதிரும் நியூத்திரனுமே காட்டின. இதனைக் கூறாது விடின், நிறமாலைக்கு உரியதல்லாத புகழைச் சூட்டியவராவோம்.

ஒழுங்கான பளிங்காயமைந்த பனிக்கட்டியையும், மிகுந்த குளிரில் ஆவி திடீரென உறைவதாற் பிறக்கும் ஒழுங்கற்ற பனிக்கட்டியையும் வேறுபடுத்தற்கு 1.65 மைக்கிரோனிலுள்ள கோடு உதவுகின்றது. முன்னதில் அது தெளிவாயிருக்கும், பின்னதில் மங்கும். 1.5, 2.0 ஆகிய அளவுகளிலும் அகன்ற உறிஞ்சல்கள் உள. இத்தகைய அடையாளங்களைக் கொண்டே 1970 ஆம் ஆண்டிற் சனியின் வளையங்களிலும், 1972 ஆம் ஆண்டில் வியாழனின் துணைக்கோள்களாகிய யூரோப்பா, கனிமீட் என்பவற்றிலும் நீர்ப் பனிக்கட்டி இனங்காணப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் இந்தியா ஏவிய சந்திரயான் ஒன்றிலிருந்த நிறமாலைக் கருவியின் அளவீடுகளைப் பின்னர் ஆராய்ந்தோர், சந்திரனின் துருவ நிழற்குழிகளில் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி உளதென 2018 இல் அறிவித்தனர். வெயிலே படாத குழியில் ஒளி ஏதென்று வினவலாம். அயலிலுள்ள சரிவுகளிற் பட்டுச் சிதறிய சிற்றொளியே அவர்களுக்குப் போதியதாயிற்று.

உறிஞ்சலன்றி வேறொரு வழியும் உண்டு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வெ. இராமன் 1921 இற் கப்பற் பயணஞ் செய்தபோது, மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபிம்பம் மாத்திரமன்று எனக் கருதினார். அங்ஙனம் தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சியே 1928 இல், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவிற் கண்ட இராமன் விளைவில் முடிந்தது. ஒரு நிறமுடைய ஒளியைப் பொருளொன்றினுட் செலுத்தினால், சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி மூலக்கூற்றின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றத்தின் அளவே மூலக்கூறு இன்னதென அறிவிக்கும். பொருளை வெட்டவோ உருக்கவோ வேண்டுவதில்லை.

இம்முறை அந்தாட்டிக்காவில் ஒரு பெரிய ஐயத்தைத் தீர்க்க உதவியது. அங்கு ஆண்டுதோறும் பெய்யும் பனி இறுகும்போது, அக்காலத்து வளியும் குமிழிகளாக அகப்படுகின்றது. அக்குமிழிகளை ஆராய்ந்தே, கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில், கைத்தொழிற் காலத்துக்கு முன்வரை, காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறியிறங்கியது என்று கண்டனர். 2024 இல் அது 420 பங்கைக் கடந்து நின்றது. ஆயின், சில நூறு மீற்றர் ஆழத்தின் கீழே குமிழிகள் அருகத் தொடங்கி, ஈற்றில் முற்றாக மறைந்துவிடுகின்றன. வளி தப்பியோடியிருப்பின், ஆழத்துச் சான்றுகளை எங்ஙனம் நம்புவது?

வளி எங்குஞ் செல்லவில்லை. அழுத்தம் மிகும்போது நீர் மூலக்கூறுகள் கூடுகளைப்போல அமைந்து, நைதரசனையும் ஒட்சிசனையும் தம்முள் அடைத்துக்கொள்ளும். இத்தகைய கூட்டுப் பளிங்குகள் அந்தாட்டிக்கப் பனிக்கட்டியில் இருக்கவேண்டும் என 1969 ஆம் ஆண்டிலேயே ஸ்ரான்லி மில்லர் எதிர்வு கூறியிருந்தார். நுணுக்குக்காட்டியினூடாக லேசர் ஒளியை அத்தகைய பளிங்கொன்றின்மேற் குவித்து, இராமன் நிறமாலையைப் பெற்றபோது, இரு வாயுக்களும் உள்ளே இருப்பது தெளிவாயிற்று. அடைபட்ட மூலக்கூறு சுதந்திரமாயுள்ள மூலக்கூற்றிலும் சிறிது வேறான மீடிறனில் அதிர்வதால், அது கூட்டினுள் இருப்பதும் புலனாயிற்று. மேலும், குமிழி பளிங்காக மாறும் இடைப்பகுதியில் ஒட்சிசன் முந்திக்கொண்டு கூட்டினுட் புகுவதும், நைதரசன் குமிழியிற் பின்தங்குவதும் அறியப்பட்டன. ஆதலின், அப்பகுதித் துண்டொன்றிலிருந்து குமிழி வளியை மட்டும் எடுத்து அளப்பவன் தவறான விடையே பெறுவான்.

2025 சனவரியில் ஐரோப்பிய ஆய்வாளர் அந்தாட்டிக்காவின் லிற்றில் டோம் சீ என்னுமிடத்தில் 2,800 மீற்றர் துளையிட்டு அடிப்பாறையைத் தொட்டனர். அதன் ஆழத்திலுள்ள பனிக்கட்டி 12 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கொருமுறை வந்த பனியூழி, பின்னர் ஏறத்தாழ 100,000 ஆண்டுகளுக்கொருமுறை வரத் தொடங்கியது ஏன் என்பதே அவர்கள் தேடும் விடை. அவ்வாழத்தில் ஒரு மீற்றர்ப் பனிக்கட்டிக்குள் பதின்மூவாயிரம் ஆண்டுகள் வரை நெருங்கிக் கிடப்பதால், ஆய்வுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் மிகச் சிறிது. அத்தகைய சிறு துண்டிலிருந்து வரும் வளியையும் லேசர் நிறமாலைமானியால் அளத்தற்கான முறைகள் இப்பொழுது வகுக்கப்பட்டுள்ளன.