மொட்டை மாடியில் விழுகிறது குடிதண்ணீர்!

"டாக்டர் சார், எங்க ஏரியாவுல போர் போட்டா சமுத்திரம்தான் வருது. இந்தத் தண்ணியில பருப்பு வேகல, சோப்பு நுரைக்கல, பசங்களுக்கு ஒரே அரிப்பு. லாரி வந்தா ரெண்டு குடம், வராட்டி அதுவும் இல்ல. என்னதான் பண்றது?"

எண்ணூர் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. அரிப்புக்கு மேல்பூச்சாக எண்ணெய் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் மறுநாளும் அதே தண்ணீரில்தானே குளிப்பார்கள்? அதனால் அன்றைக்கு மருந்துச் சீட்டில் தைலத்தின் பெயருக்குக் கீழே, 'மழைநீர்த் தொட்டி' என்றும் எழுதினேன். அந்தச் சீட்டில் நான் ஒரு தப்பு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வடசென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவது இன்று நேற்று வந்ததில்லை. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால், 1960களின் இறுதியிலிருந்தே கடல் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. பூமிக்குள் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. ஆழமாகப் போர் இறக்கி உறிஞ்சினால் ஆடை போய்விடும். உப்பு மேலே ஏறும்.

உப்புத் தண்ணீர் நாக்கை மட்டும் கெடுப்பதில்லை. வங்காள தேசத்துக் கடலோரத்தில் உப்பேறிய நீரைக் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்தக் கொதிப்பு கூடுதலாக வருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். வீட்டில் பி.பி. உள்ளவர்கள் ஊறுகாயை நிறுத்தினால் மட்டும் போதாது, தண்ணீரையும் பாருங்கள்.

சரி, மழைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, இயற்பியல் படித்த சேகர் ராகவன் முன்னின்று மந்தைவெளியில் 'மழை இல்லம்' திறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் செய்முறை விளக்கம் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் பல வீடுகளில் நடந்தது என்ன? சட்டத்துக்குப் பயந்து ஒரு குழாயை மண்ணுக்குள் சொருகியதோடு சரி! 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோதுதான் பலரும் அந்தக் குழாயைத் தேடினார்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி 500 சதுர அடி, அதாவது சுமார் 46 சதுர மீட்டர் என்று வையுங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. சிந்தியது, காய்ந்தது போக 50,000 லிட்டர் கைக்கு வரும். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தினம் 40 லிட்டர் என்றால், ஆறு மாதத்துக்கு 7,200 லிட்டர்தான். ஐப்பசியில் 20 செ.மீ. மழை பெய்தாலே 7,500 லிட்டர் சம்ப் ஏறக்குறைய நிரம்பிவிடும்!

லாரியை நம்பியிருக்கிற வீட்டுக்கு மண்ணுக்குள் விடுவதைவிட, முதலில் சம்ப்பில் சேர்ப்பதுதான் நல்லது என்பேன். சம்ப் நிரம்பி வழிவது மண்ணுக்குப் போகட்டும். சம்ப் மேல் ஒரு கைப்பம்பு வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

இப்போது எண்ணூருக்கே உரிய சங்கடம். இங்கே மாடியைத் துடைத்தால் துணி கறுப்பாகும். நிலக்கரித் தூள், சாம்பல், லாரிப் புகை எல்லாம் அங்கேதான் படிகிறது. பருவத்தின் முதல் இரண்டு நல்ல மழையை மாடி கழுவப் பெய்ததாக நினைத்து வெளியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும், ஒவ்வொரு மழையிலும் முதல் கால் மணி நேரத் தண்ணீர் வேண்டாம். இறங்கு குழாயில் ஒரு 'டி' போட்டு இரண்டு வால்வு வைத்தால் போதும். ஒன்று வெளியே, ஒன்று சம்ப்புக்கு. பிளம்பர் அரை நாளில் முடித்துவிடுவார்.

சம்ப்புக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி. அடியில் ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், அடுத்து நைலான் வலை, கரி, மேலே கழுவிய மணல். கல்நார் கூரை, பெயின்ட் உரிகிற தகரக் கூரை என்றால் அந்தத் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் மட்டும்தான், குடிக்கக் கூடாது. மணலி பக்கம் மலிவாகக் கிடைக்கும் பழைய நீல பேரல்களில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி என் தப்பு. அந்த அம்மா சம்ப் கட்டும் வரைக்கும் பொறுக்காமல், இரண்டு டிரம்மில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தார். "பருப்பு என்னமா வேகுது சார்!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டும் போனார். மூன்றாவது வாரம் அவருடைய ஒன்பது வயதுப் பையனுக்குக் கடும் காய்ச்சல். டெங்கு. 'பிடித்து வையுங்கள்' என்று எழுதின நான், 'மூடி வையுங்கள்' என்று எழுதவில்லை! நிலவேம்புக் குடிநீரோடு நிறுத்தாமல், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். ஐந்து நாள் அந்தத் தாய் கண் மூடவில்லை. எனக்கும் தூக்கமில்லை. பையன் பிழைத்தான்.

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நல்ல தண்ணீரைத்தான் தேடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். சம்ப் மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுக் குழாய், வழிந்தோடும் குழாய் இரண்டின் வாயிலும் கொசுவலை கட்டுங்கள். டிரம், குடமெல்லாம் வாரம் ஒரு முறை காலி செய்து உட்புறத்தை நாரால் தேய்க்க வேண்டும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

சித்த மருத்துவம் தண்ணீரை அது வரும் இடத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் சொல்கிறது. கலங்கிய நீருக்கு எங்கள் கைவசம் தேற்றான்கொட்டை உண்டு. மண்பானையின் உட்புறத்தில் அதை இழைத்துத் தண்ணீர் ஊற்றினால், சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் படியும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் ஆகாது. கொதிக்க வைத்தே குடியுங்கள். சம்ப்புக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடலாம்.

ஒன்று முக்கியம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் போன்ற உலோகங்கள் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். தொழிற்சாலைப் பகுதியில் இருப்பவர்கள், குடிக்க ஆரம்பிக்கும் முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்து, உலோகங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட் சரியில்லையா? குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் அரிப்பாவது குறையும்.

புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். புது சிமென்ட் சம்ப் என்றால் இரண்டு முறை நிரப்பிக் காலி செய்யவேண்டியிருக்கும், இல்லையென்றால் தண்ணீரில் சுண்ணாம்பு வாடை போகாது.