புகையிலையும் மரபணுவும்

மைசூரு நகரின் தேவராஜ சந்தைக்குச் செல்வோர் வெற்றிலைக் கட்டுகளைக் காணாமல் திரும்ப இயலாது. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் வெற்றிலைக்கு அந்நகரில் தனி மதிப்பு உண்டு. மாவட்டத்தின் மேற்கே, ஹுணசூர், பிரியாபட்டணா வட்டாரங்களில் வர்ஜீனியா புகையிலை பயிராகிறது. அந்த இலை பெரும்பாலும் சிகரெட்டுக்குப் போவது. வெற்றிலையோடு மெல்லப்படுவது வேறு வகைப் புகையிலை. ஆனால் உடலுக்குள் சென்றபின் இரண்டும் சந்திக்கும் தடைகளும் துணைகளும் ஒன்றே.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் அறிவித்தது. 2004-இல் வெளியான மறு ஆய்வில் புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூட அப்பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் ஊருக்கு ஊர் ஒரு பெரியவரைக் காட்டுவார்கள். அவர் ஐம்பது ஆண்டுகளாகப் புகையிலை மென்று, எண்பது வயதிலும் நலமாக இருப்பவர். நாற்பத்தைந்து வயதில் வாய்ப் புற்றுநோயால் மாண்டவரின் வீடும் அதே தெருவில் இருக்கும். அதை எவரும் சுட்டிக் காட்டுவதில்லை. இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி தற்செயலாகலாம். எஞ்சியதில் ஒரு பங்கு நொதிகளைச் சார்ந்தது.

உணவல்லாத அயற்பொருள் எதுவும் உடலுள் புகுந்தால் அதை வெளியேற்றும் பணி முக்கியமாகக் கல்லீரலுக்கு உரியது. காய்ச்சல் மாத்திரைக்கும் புகையிலை நஞ்சுக்கும் அது தனித்தனி வழி வைத்திருக்கவில்லை. முதற்கட்டத்தில் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் பெரும்பாலும் ஆக்சிஜனைச் சேர்த்து அப்பொருளை மாற்றுகிறது. அடுத்த கட்டத்தில் குளூட்டதயோன் டிரான்ஸ்ஃபரேஸ், அசெட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ் முதலிய நொதிகள் அதனுடன் வேறொரு கூறினை இணைத்து, சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேறச் செய்கின்றன. இதில் ஒரு முரண் உள்ளது. புகையிலையின் நைட்ரோசமீன்களும் புகையிலுள்ள பென்சோபைரீனும் உட்புகும்போது அத்துணைக் கேடுடையவை அல்ல. முதற்கட்ட நொதிகளே அவற்றை டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்ளும் பொருள்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே முதற்கட்டம் வேகமாகவும் அடுத்த கட்டம் மந்தமாகவும் அமைந்த உடலில் நஞ்சு தங்கும் நேரம் மிகுதி.

இந்நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் எல்லோரிடமும் ஒரே அளவில் செயற்படுவதில்லை. இதனை நம் நாடு புற்றுநோய் வழியாக அறியவில்லை. காசநோய் வழியாகவே அறிந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஐசோனியாசிட் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலரது உடல் அதனை விரைவில் செயலிழக்கச் செய்ததும், வேறு சிலரிடம் அது நெடுநேரம் நிலைத்ததும் தெரியவந்தன. வாரம் ஒருமுறை மட்டும் மருந்தளித்த திட்டத்தில் விரைவுப் பிரிவினருக்குப் பலன் குறைந்தது. தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுப் பிரிவினர். ஜப்பானியரிலோ ஏறத்தாழ பத்தில் ஒருவரே அவ்வாறு. ஒரு நாட்டில் வகுத்த மருந்தளவை மற்றொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது.

ஐசோனியாசிட்டைக் கையாளும் அதே அசெட்டைல் நொதி சாயத் தொழிலில் பயன்பட்ட அமீன் பொருள்களையும் கையாள்கிறது. அத்தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரேன் 1895-இலேயே எடுத்துரைத்திருந்தார். 1982-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அந்நோயுற்ற சாயத் தொழிலாளர் 23 பேரில் 22 பேர் மெதுப் பிரிவினராக இருந்தனர். ஐயத்திற்கே இடமில்லை என்று பலர் கருதினர். ஆனால் பின்னர் சீனாவில் பென்சிடின் என்னும் சாயமூலப் பொருளைக் கையாண்டோரிடம் இத்தொடர்பு காணப்படவில்லை. நொதி ஒன்றேயாயினும் நஞ்சு வேறாகும்போது விளைவும் வேறாகிறது. மரபணுவை மட்டும் பார்த்து நோயைக் கணிக்க முனைவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

குளூட்டதயோன் நொதிகளில் ஒன்றான ஜி.எஸ்.டி.எம்-1 இன்னும் வியப்பானது. அதற்குரிய மரபணு சிலரிடம் முற்றிலும் இல்லை. ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப்பேர் இத்தகையோர். இந்திய மக்கட்பிரிவுகள் பலவற்றில் இவ்விகிதம் அதனினும் குறைவு. நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் வாய்ப் புற்றுநோயாளரிடையே இக்குறை மிகுந்து காணப்பட்டது. சிலவற்றில் வேறுபாடு தோன்றவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இக்குறையால் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சிகரெட் பழக்கமோ நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைப் 15 முதல் 30 மடங்கு வரை உயர்த்துகிறது. தெருப் பெரியவரின் நல்ல மரபணு எவ்வளவு சிறிய காப்பு என்பதை இவ்வெண்களே காட்டும்.

அவ்வாறாயின் இவ்வாராய்ச்சி வீண் எனக் கொள்ளலாமா? கூடாது. அகமண வழக்கம் நெடுங்காலம் நிலவிய இந்நாட்டில் மரபணுக்களின் பரவல் பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது. மயக்க மருந்தோடு தரப்படும் சக்சினைல்கோலினைச் சிதைக்கும் நொதி வைசிய சமூகத்தினர் சிலரிடம் மிகக் குறைந்திருப்பதும், அதனால் அறுவைக்குப்பின் அவர்களுக்கு மூச்சு திரும்பத் தாமதமாவதும் இதற்குச் சான்று. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் மைசூரில் அமைந்திருப்பது இவ்வகையில் ஒரு வாய்ப்பு. புதுச்சேரி ஜிப்மர் நிறுவனம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநில மக்களிடையே மருந்து நொதி மரபணுக்களை ஆராய்ந்துள்ளது. இக்கணக்குகள் பெருகப் பெருக, புற்றுநோய் மருந்துகளின் அளவையும் நோயாளிக்கேற்ப வகுக்க இயலும்.

ஆனால் ஓர் அபாயமும் உண்டு. நஞ்சைத் தாங்கும் மரபணு உடையவரை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தொழிற்சாலை எண்ணுமானால், தூய காற்றுக்குச் செலவிட வேண்டிய பணம் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடும். வேலை மறுக்கப்பட்டவர் தம் பிறப்பின் பேரில் தண்டனை பெறுவார். தாங்கும் உடல் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் சாயமோ புகையோ தீங்கு செய்யாமல் விடப்போவதில்லை.

வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை எளிய வழி ஏற்கெனவே சோதிக்கப்பட்டுள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். ஒப்புநோக்குப் பிரிவையும் சேர்த்து அதில் 1,90,000-க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனையில் எவருடைய மரபணுவும் பார்க்கப்படவில்லை. வேண்டியிருந்தவை நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணுமே.