புற்றும் புற்றெடுப்போரும்

‘கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல’ என்பது நம் முன்னோர் வழக்கு. குடிபுகுந்த பாம்புக்குப் பால் வார்க்கும் நாம், அம்மாளிகையைக் கட்டிய சிற்றுயிரைப் பகையென்றே கருதுகிறோம். கறையான்கள் அனைத்தும் ஓரினம் என எண்ணுவதே இதற்குக் காரணம். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. அவற்றுள் புற்றெடுப்பன சிலவே.

நம் ஆய்க்குடி போன்ற சமவெளி ஊர்களின் வரப்போரங்களில் ஆளுயரத்திற்கும் எழும் புற்றுகளை நினைவிற் கொள்வோம். இந்தியச் சமவெளிகளில் இத்தகைய புற்றை எழுப்பும் இனங்களுள் முதன்மையானது ‘ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ்’. கோபுரம்போல் மடிப்பு மடிப்பாய் நிற்கும் இதன் புற்றில் பெருந்துளை ஏதும் இராது. இதன் உறவினமாகிய ‘வல்லோனென்சிஸ்’ தாழ்ந்த மேடு கட்டி, புகைபோக்கிபோல் வாய் திறந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ‘நாசூட்டிடெர்மஸ்’ இனமோ மரங்களில் அட்டைபோன்ற கூடு கட்டும். அதன் காவல் வீரர்கள் மூக்கு நுனியால் பசைநீர் பீய்ச்சிப் பகையை எதிர்க்கும்.

துளையில்லாப் புற்று மூச்சுவிடுவது எவ்வாறு? பெங்களூரில் ஒபீசஸ் புற்றுகளை ஆராய்ந்த மகாதேவன் குழுவினர் 2015இல் விடை கண்டனர். பகலில் வெளி மடிப்புகள் விரைவில் சூடேற, அங்குள்ள காற்று மேலெழுந்து நடுப்பகுதியில் கீழிறங்குகிறது. இரவில் இவ்வோட்டம் தலைகீழாகிறது. நுண்துளை மிக்க மண்சுவர் வழியே கெட்ட காற்று வெளியேறுகிறது.

ஓடோன்டோடெர்மஸ் இனங்கள் உழவுத் தொழிலும் அறிந்தவை. சருகையும் கட்டையையும் மென்று தோட்டம் அமைத்து, அதில் பூசணம் வளர்த்து உண்கின்றன. மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளான் அத்தோட்டத்தின் விளைவே. தரங்கம்பாடியில் வாழ்ந்த கோனிக் என்னும் அறிஞர் இப்பூசணத்தைப்பற்றி 1779இலேயே எழுதினார்.

இவற்றால் நிலம் பெறும் நன்மை பெரிது. ஆழத்துக் களிமண் மேலே வருகிறது. வளைகள் வழியே மழைநீர் உள்ளிறங்குகிறது. மட்கிய மரம் உரமாகிறது. கரடிக்கும் அழுங்கிற்கும் கறையான் இரை; பறவைகளுக்கோ ஈசல் விருந்து.

ஒபீசஸ் குற்றமற்றது என்று கூறவில்லை. கரும்பையும் நிலக்கடலையையும் அது தாக்குவதுண்டு. ஆனால் வீட்டு மரங்களைப் பெரிதும் அரிக்கும் ‘காப்டோடெர்மஸ்’, ‘ஹெடிரோடெர்மஸ்’ ஆகியவை நம் நாட்டில் புற்றெடுப்பதே இல்லை. உத்தரம் உளுத்ததற்காக வரப்புப் புற்றை இடிப்பது, ஒருவர் குற்றத்திற்கு வேறொருவரைத் தண்டிப்பதாகும். ஆகவே நண்பர்களே, பயிருக்குக் கேடு நேர்ந்தவிடத்துப் புற்றை அகற்றுவோம். தரிசிலும் காட்டிலும் உள்ளவற்றை வாழவிடுவோம்.